முப்பது மெசினுக்கு ஒரு சூப்பர்வைசர்: வடக்கின் ஆடைத் தொழிலில் பெண்களின் உயர்வு

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஓர் ஆண் தன் பணத்தை 55 வயதில் எடுக்கலாம், ஒரு பெண் 50 வயதில் எடுக்கலாம். பெண்ணுக்கு மட்டும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. கலியாணத்துக்காக வேலையை விட்டால் முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். வேலையை விடாமல் பத்து ஆண்டு உழைத்தவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டி எடுக்கக்கூடியது 30 வீதம். பணிக்கொடைச் சட்டமோ ஐந்து ஆண்டுச் சேவை முடிந்தால்தான் பேசத் தொடங்குகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் வாழ்க்கை எப்படிக் கணிக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். இருபது வயதில் வா, ஐந்தாறு வருசம் தை, பணத்தை எடுத்துக்கொண்டு கலியாணம் செய்து போ. கட்டுநாயக்கா வலயத்துப் பெண்களோடு நீண்டகாலம் பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் சந்தியா ஹேவமான்னவின் எழுத்துகளில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் சீதனமாகவோ வீட்டின் அத்திவாரமாகவோ மாறும் நாளை எண்ணிக்கொண்டே அந்தப் பெண்கள் மெசினில் இருந்தார்கள்.

போகப்போகிறவர் என்று முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒருவருக்குப் பதவி உயர்வு எதற்கு? ஆடைத் தொழிலில் பெண்களின் தலைமைத்துவம் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். 'தன்னம்பிக்கை போதாது' என்பதிலிருந்து தொடங்கும் பயிற்சிப் பட்டறைகள் வாசலைத் தவறவிடுகின்றன.

வடக்கில் இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரம் உண்டு. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்று இடங்களில் புதிய முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று 2025இல் அரசு அறிவித்தது. யாழ்ப்பாண நகரின் ஓரத்திலுள்ள கொழும்புத்துறைக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரி. கடற்றொழிலும் யாழ்ப்பாண நகரத்துக் கூலி வேலையும் சிறு வியாபாரமும் சோறு போடும் ஊர் கொழும்புத்துறை. இங்கிருந்து ஒரு பெண் ஆடைத் தொழிற்சாலைக்குப் போக நினைத்தால், ஏ-9 வீதியில் ஏறக்குறைய 65 கிலோமீற்றர் கடந்து கிளிநொச்சிக்குப் போய்வர வேண்டும். அல்லது கட்டுநாயக்காவில் போடிங் எடுத்துத் தங்க வேண்டும். காங்கேசன்துறையில் தொழிற்சாலைகள் எழுமானால் தூரம் இருபது கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். விடியற்காலையில் பஸ் ஏறப் போகும் பிள்ளைகள் எந்த நிபந்தனையில் ஏறப்போகிறார்கள் என்பதைச் சீமெந்து கொட்ட முன்பே கேட்க வேண்டும்.

இலங்கையின் ஆடை ஏற்றுமதி 1978இல் கட்டுநாயக்கா வலயத்தோடு வேரூன்றியது. பியகமவும் கொக்கலவும் பின்னால் வந்தன. 1992இல் சனாதிபதி பிரேமதாசா 200 தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்தத் திட்டம் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தையல் லைன்களைக் கொண்டுபோன ஆண்டுகளில் வடக்கு போருக்குள் இருந்தது. அதனால் இங்கே இந்தத் தொழில் 2009க்குப் பின், தோற்று ஓய்ந்த ஒரு நிலத்தில், புனர்வாழ்வு, மீள்குடியேற்றம் என்ற சொற்களோடு வந்து இறங்கியது. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனம் தொழிற்சாலைகளைத் திறந்தது. வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் வேறு நிறுவனங்கள் வந்தன. கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர், குடும்பத்துக்கு ஒரே உழைப்பாளியாக நின்ற பெண்கள் அங்கே மெசினில் இருந்தார்கள். தெற்கின் தொழிற்சாலை கலியாணத்துக்கு முந்திய பெண்ணை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. வடக்கில் வாசலுக்கு வந்தவர்களில் பலர் ஏற்கனவே குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள். அவர்களுக்குச் சீதனக் கணக்கு பொருந்தாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று நீளும் உழைப்புக்கான கணக்கு வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சமூகம் இந்த வேலையைப் பார்க்கும் விதமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. வீட்டுத் திண்ணையில் சிங்கர் மெசினை வைத்துச் சட்டை தைக்கிறவர் 'தையல் தெரிஞ்ச பிள்ளை'. அதே கை தொழிற்சாலையில் தைத்தால் 'காமென்றுக்குப் போறவ'. முன்னதற்கு மரியாதை, பின்னதற்கு முகச்சுளிப்பு. தெற்கிலும் இது நடந்ததுதான். கிராமத் தொழிற்சாலைப் பெண்கள், தையல் மெசினின் பெயரால் வந்த 'ஜூக்கிப் பெட்டைகள்' என்ற வசையிலிருந்து தங்களை விலக்கிக்கொள்ள எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை கேற்றரின் லின்ச் 2007இல் ஒரு நூலாகவே எழுதினார். இங்கே அதன்மேல் அரச உத்தியோக மோகமும் சாதியும் ஏறி நிற்கின்றன. மகள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள் என்று கலியாணப் பேச்சில் பெருமையாகச் சொல்ல ஒரு தாய் தயங்கினால், அந்தப் பதவிக்கு ஊரில் மதிப்பில்லை. ஊரில் மதிப்பில்லாத பதவிக்காக யார் மேலதிகப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வார்?

இனி லைனுக்குள் போவோம். ஒரு சட்டையைத் தைத்து முடிக்க 12 நிமிட உழைப்பு என்று வேர்க் ஸ்டடிக்காரர் மணிக்கூட்டை வைத்துக் கணித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லைனில் முப்பது பேர். ஒரு மணித்தியாலத்தில் முப்பது பேருக்கும் சேர்த்து 1,800 நிமிடம். நூறு வீதத் திறனில் 150 சட்டை வர வேண்டும், அறுபது வீதத்தில் 90. அந்த 90 என்ற இலக்கம் லைன் முனையிலுள்ள பலகையில் மணிக்கு மணி எழுதப்படும். பக்கத்தில் உண்மையில் வந்த எண்ணிக்கை. ஒவ்வொரு பெண்ணின் கைக்கும் ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. கொலர் பிடிக்கிற மெசினில் ஊசி முறிந்து மெக்கானிக் வரப் பத்து நிமிடம் சென்றால் பதினைந்து சட்டை அங்கே தேங்கிவிடும். அவருக்குப் பின்னால் உள்ளவர்கள் வெறுங்கையோடு இருப்பார்கள், முன்னால் உள்ளவர்களிடம் துண்டுகள் குவியும். ஒருவர் மலசலகூடம் போனாலும், காய்ச்சலில் வராமல் விட்டாலும் இதே கதைதான். இந்த இடைவெளிகளை அடைக்கத்தான் எல்லா மெசினும் தெரிந்த 'ஜம்பர்' ஒருவர் லைனுக்கு லைன் ஓடுகிறார். அவரும் போதாதபோது சூப்பர்வைசரே மெசினில் குந்துவார்.

இந்தப் பலகைக்குப் பொறுப்பானவர்தான் சூப்பர்வைசர். மேலிருந்து வரும் ஏச்சை வாங்கிக் கீழே கொடுக்கிறவர் அவர். இலக்கை நிர்ணயிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வாங்கும் நிறுவனம் தரும் விலையும் ஏற்றுமதித் திகதியும் அவருக்குத் தெரிய வருவது கடைசியில். ஆளைக் கூட்ட முடியாது, மெசினை மாற்ற முடியாது. கையில் உள்ள ஒரே கருவி குரல். நேற்றுவரை பக்கத்து மெசினில் இருந்து சாப்பாட்டைப் பகிர்ந்த தோழியைப் பார்த்து இன்று கத்த வேண்டும். நல்ல ஓப்பரேற்றர்கள் பலர் 'எனக்கு வேண்டாம்' என்று பதவி உயர்வை மறுப்பதற்குப் பயத்தையும் கூச்சத்தையும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் பயிற்சியாளர்கள். வேலையின் அமைப்பைப் பார்த்தால் அந்த மறுப்பு நன்றாக யோசித்த தீர்மானம். ஓ.ரி. காசையும் வரவுக் கொடுப்பனவையும் கூட்டிப் பார்த்தால் திறமையான ஓப்பரேற்றர் ஒருவரின் வருமானத்துக்கும் புதிய சூப்பர்வைசரின் சம்பளத்துக்கும் இடைவெளி சிறுத்துப்போகும். கடைசி பஸ்ஸுக்குப் பின்னும் நிற்க வேண்டிய கடமை மட்டும் பெருத்துப்போகும்.

இடங்கள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும். 900 பேர் தைக்கும் தொழிற்சாலையில் லைனுக்கு முப்பது என்றால் முப்பது சூப்பர்வைசர். ஒருவர் அந்த இடத்தில் ஆறு ஆண்டு இருப்பார் என்றால் ஆண்டுக்கு ஐந்து இடம் காலியாகும். 900 பேருக்கு ஐந்து. அந்த ஐந்தையும் பெண்களுக்கே கொடுத்தாலும் மீதி 895 பேரின் உயர்வு எங்கே? அதற்கும் மேலே போகும் வழி லைனிலிருந்து ஏறுவதாகவே இல்லை. வேர்க் ஸ்டடி, திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, மேர்ச்சன்டைசிங் போன்ற பிரிவுகளுக்கு டிப்ளோமாவோடும் பட்டத்தோடும் வெளியிலிருந்து ஆட்கள் பக்கவாட்டில் நுழைகிறார்கள். முகாமையாளர் கதிரை அந்தப் பிரிவுகளிலிருந்துதான் எட்டும். வடக்கில் மொழியும் சேர்கிறது. கணக்கும் கடிதமும் ஆங்கிலத்தில், தலைமையகத்தோடு பேச்சு சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண், முப்பது பேரை நாள்முழுதும் இயக்கத் தெரிந்திருந்தும், மாதாந்தக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் இருக்க நேர்கிறது.

பெண் தலைமை வகித்தால் உற்பத்தி குறையும் என்ற பேச்சு இன்னும் மறையவில்லை. அதற்குப் பங்களாதேசிலிருந்து பதில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே தைத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சூப்பர்வைசர்களில் பெண்கள் இருபதில் ஒருவருக்குச் சற்றே மேல். ரொக்கோ மக்கியாவெல்லோ, அட்டோனு ரப்பானி உள்ளிட்ட பொருளியலாளர் நால்வர் பெரிய தொழிற்சாலைகளில் ஆண்களையும் பெண்களையும் ஒரே விதமாகப் பயிற்றி லைன்களில் விட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் பெண்கள் நடத்திய லைன்கள் பின்தங்கின. கீழே வேலை செய்தவர்கள் அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்தார்கள், சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. சில மாதங்கள் சென்றதும் அந்த வித்தியாசம் அழிந்துபோனது. பெண்ணைச் சூப்பர்வைசர் ஆக்கி ஒரே மாதத்தில் அளந்து 'சரிவராது' என்று இறக்கிவிட்ட தொழிற்சாலைகள் தோற்கும் இடம் எது என்பது இதில் தெரிகிறது. அந்த முதல் மாதங்களைத் தாங்க நிர்வாகம் அவர் பின்னால் நிற்க வேண்டும்.

இன்னோர் ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கேப் நிறுவனம் வகுத்த பேஸ் என்ற பயிற்சித் திட்டம் பெங்களூர்த் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பேச்சுத் திறன், நேர நிர்வாகம், முடிவெடுத்தல் முதலியவற்றைக் கற்பித்தது. அச்சுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் அதன் விளைவை அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் தெளிவாக உயர்ந்தது. நிறுவனம் செலவழித்ததைப் போலப் பலமடங்கு திரும்ப வந்தது. பயின்ற பெண்களின் சம்பளம் உயர்ந்ததோ ஒரு வீதத்திற்கும் குறைவு. பயிற்சி நல்லதல்ல என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றுக்கொள்வது அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் சொத்து. ஆனால் அவர் கற்றதனால் பெருகிய பணம் யார் பெட்டிக்குப் போகிறது என்பதைக் கேட்காமல் அதை முன்னேற்றம் என்று அழைப்பது நியாயமாகாது. மாஸ் நிறுவனம் 2003இல் தொடங்கிய 'வுமன் கோ பியொன்ட்' போன்ற திட்டங்களையும் இந்தக் கேள்வியோடுதான் மதிப்பிட வேண்டும். மேடையில் பரிசு வாங்கிய பெண்ணின் அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சம்பளச் சீட்டு என்று வந்தபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகச் சட்டமானது. 2025 ஏப்ரலில் 27,000, 2026 சனவரியிலிருந்து 30,000 என்று உயர்த்தப்பட்டது. தேவையான உயர்வுதான். என்றாலும் அது நேற்றுச் சேர்ந்தவருக்கும் பத்து ஆண்டு தைத்தவருக்கும் ஒரே தரை. அந்தத் தரைக்கு மேல் அனுபவத்துக்கு என்ன விலை என்பதை ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. லைனில் கொலர், கை, பொக்கற், இடுப்புப் பட்டி என்று ஐந்து வேலை தெரிந்த பெண் ஒரு வேலை மட்டும் தெரிந்தவரைவிட லைனுக்கு எவ்வளவு பெறுமதியானவர் என்பது பலகையை ஒரு மணித்தியாலம் பார்த்தவருக்கும் விளங்கும். பதவி உயராமலே சம்பளம் உயரக்கூடிய தரப்படி முறை எழுத்தில் இருந்தால் அந்த 895 பேருக்கும் ஒரு வழி பிறக்கும். தேசிய தொழிற் தகைமையில் முறையாகப் படிக்காதவரின் அனுபவத்தை அளந்து சான்றிதழ் தரும் ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. மூன்றாம், நான்காம் மட்டங்களிலிருந்து டிப்ளோமா மட்டத்துக்குப் போகும் பாதையும் அதில் உண்டு. அந்தப் பரீட்சையைத் தொழிற்சாலை நேரத்துக்குள், தமிழில், சம்பளத்தோடு நடத்தினால், பக்கவாட்டில் நுழையும் கதவு லைன் பக்கமும் திறக்கும்.

தலைமைத்துவம் என்பதைப் பதவிக்குள் மட்டும் அடைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் நடந்ததைப் பாருங்கள். நாச்சி அப்பேரல் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருவர் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவரின் தொந்தரவை அவர் முன்பே சகித்து வந்தார் என்று குடும்பமும் தோழியரும் சொன்னார்கள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், திவ்யராகினி தலைமையில், அந்தச் சாவை மறக்க விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் நிறுவனமும் எழுத்தில் கட்டுப்படும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் பின்னர் அதில் தம்மைப் பிணைத்துக்கொண்டன. அதன் உயிர்நாடி ஓர் எளிய ஏற்பாடு. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் வீதம், லைனில் இருப்பவர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். அவர்களைத் தேர்ந்தது சங்கம், நிர்வாகம் அல்ல. தொந்தரவைக் கண்டால் முறையிட்டார்கள், பழிவாங்கினால் உடன்படிக்கை குறுக்கே நின்றது. முதல் ஆண்டில் வந்த முறைப்பாடுகளில் ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்.

முப்பது மெசினுக்கு ஒரு சூப்பர்வைசர் என்ற கணக்கோடு இருபத்தைந்து பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. முதலாமவர் இலக்கத்துக்குப் பொறுப்பு, இரண்டாமவர் பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுப்பு. தமிழ் பேசும் கிராமத்துப் பெண்கள், பலர் தலித் குடும்பத்தவர், மெசினை விட்டு எழாமலே அடைந்த தலைமை இது. இலங்கையில் இதற்குத் தடையாக நிற்பவை பல. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு தொழிற்சங்கத்தோடு முதலாளி பேச மறுக்கக் கூடாது என்றால் அந்த வேலைத்தலத்தில் நாற்பது வீதத்தினர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். 900 பேரில் 360 பேர் பெயர் கொடுக்கும்வரை ரகசியம் காக்க வேண்டும். முதலீட்டுச் சபை ஊக்குவித்த ஊழியர் சபைகள் உண்டு. அவை உணவுச்சாலைப் பருப்பின் தரத்தோடு நின்றுவிடாமல் இலக்கு நிர்ணயம்வரை பேச வேண்டும். தொழிற்சங்கங்களிலும் மேடையில் ஆண்கள், கீழே பெண்கள் என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. வலயத்துப் பெண்களின் வாழ்வைப் பெண்களே எழுதிய 'தபிந்து' இதழ் 1984இல் தொடங்கியது அந்தக் குறையை நிரப்பத்தான்.

வடக்கின் பெண்களுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்ற எடுகோளை நான் கடுமையாக மறுக்கிறேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் தாய்மார். அதே நாட்களில் கேப்பாப்புலவில் விமானப்படை முகாம் வாசலில் பெண்கள் இரவும் பகலும் பிள்ளைகளோடு கிடந்து தங்கள் காணியின் ஒரு பகுதியை மீட்டார்கள். நுண்கடன் வட்டி கிராமங்களை நெரித்தபோது குரல் எழுப்பியவர்களும் பெண்களே. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூட்டக் குறிப்பு எழுதுகிறது, கணக்குக் காட்டுகிறது, சண்டையைத் தீர்க்கிறது. போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் உணவு, மருந்து, இடமாற்றம் அனைத்துக்கும் பொறுப்பாக இருந்த பெண்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மெசினில் வந்து அமர்ந்தால் தன்னம்பிக்கை கற்பிக்கப்பட வேண்டியவராகக் கருதப்படுகிறார். தொழிற்சாலையின் விண்ணப்பப் படிவத்தில் அந்த அனுபவத்தை எழுத ஒரு வரிகூட இல்லை.

சந்தையும் நிலையாக இல்லை என்பதை மறைக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்து, பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அது 20 வீதத்தில் வந்து நின்றது. இடையில் மே மாதம் கட்டுநாயக்காவில் நெக்ஸ்ட் தொழிற்சாலை மூடப்பட்டு 1,416 பேர் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். செலவு கூடினால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்று இதைக் காட்டி முதலாளிகள் சொல்வார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மலிவை நம்பி நின்ற தொழிற்சாலை இன்னும் மலிவான நாட்டிடம் தோற்பது நிச்சயம். சிக்கலான தையலைப் பிழையின்றி, சொன்ன நாளில் முடிக்கும் கைகளை நம்பி நிற்பதே இலங்கைக்கு மிஞ்சியுள்ள வழி. அந்தக் கைகள் ஐந்தாம் ஆண்டில் வீடு திரும்பினால் அந்த வழியும் அடைபடும்.

ஆகவே காங்கேசன்துறை வலயத்துக்கு முதலீட்டுச் சபை கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் சிலவற்றை இப்போதே எழுதிவிட வேண்டும். அனுபவத்தையும் தெரிந்த வேலைகளின் எண்ணிக்கையையும் கொண்டு சம்பளத்தைத் தரம் பிரிக்கும் அட்டவணை, உணவுச்சாலைச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கும் நிலையம் தொழிற்சாலை வளவுக்குள் மட்டும் இருந்தால் போதாது. விடிய முன் கைக்குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லக் கூடாது. கொழும்புத்துறை போன்ற ஊர்களில், மாதர் சங்கங்களின் பொறுப்பில், தொழிற்சாலையின் செலவில் அவை திறக்கப்படலாம். சூப்பர்வைசருக்கான பஸ் ஓ.ரி. முடிந்த பின்னும் வீட்டுச் சந்திவரை போக வேண்டும். பெண்களை மாதத்தில் பத்து இரவுக்கு மேல் வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற சட்டத்தைக் காரணம் காட்டி அவர்களுக்குப் பொறுப்பு மறுக்கப்படக் கூடாது. பகல் பொறுப்புகளைப் பங்கிட்டால் அந்தப் பாதுகாப்பும் நிற்கும், பதவியும் கிடைக்கும். லைன் கண்காணிப்பாளர்களைத் தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்க் ஸ்டடிப் பிரிவுக்கு ஒவ்வோர் ஆண்டும் எடுக்கப்படுபவர்களில் பாதிப்பேர் மெசினில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். மணிக்கூட்டைக் கையில் வைத்திருப்பவருக்குக் கொலர் பிடிக்க எத்தனை விநாடி தேவை என்பது தன் விரலாலும் தெரிந்திருக்கட்டும்.